பதினெட்டுப் பல் பினியனும் பட்டுப் பாவும்

ஆரணி,
ஆடி மாதம், 2009.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் மாணிக்கவேல் அவர்களுக்கு,

உங்கள் அக்கா கண்ணகியின் கணவன் குமரேசன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. சிங்கப்பூரில் நீங்களும் ரேணுகாதேவியும் நோய்நொடி இல்லாமல் இருக்க இறைவன் துணைநிற்பாராக. இங்கு நான், வலது உள்ளங்கை நீங்கலாக, நலம். உங்கள் அக்காவும் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. இப்போது எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் இதை எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டுப் போட்ட கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்தருளவும்.

விஷயம் இதுதான். காவ்யாவின் இன்ஜினியரிங் காலேஜ் போட்டிக்காக நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த ரிமோட் டிரக்கை, அதைக் கொண்டுவந்து கொடுத்த உங்கள் நண்பர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பத் தீர்மானித்திருக்கிறோம். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. குறை எல்லாம் என்னிடம்தான்.

போன வாரம் காவ்யா வேலூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, "அப்பா, வளைவுல நம்ம வண்டிதான் ஃபர்ஸ்டு. நேர் ரோடுலதான் மத்தவங்க முந்திடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற மனசு கேட்குமா? டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேலை? அவள் வீட்டில் விட்டுப்போன வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மோட்டார் முனையில் பதின்மூன்று பல் கொண்ட சின்னச் சக்கரம், அதற்குப் பெயர் பினியன். அது சுழற்றுவது பெரிய பிளாஸ்டிக் சக்கரம். நீங்கள் வைத்திருந்த உதிரிப் பொட்டலத்திலோ பதினெட்டுப் பல் பினியன் ஒன்று சும்மா கிடந்தது. சைக்கிளில் பெடல் சக்கரத்தில் பல் கூடுதலாக இருந்தால் வேகம் கூடும் என்பது எனக்குத் தெரியாதா? மாற்றிவிட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு கடுதாசித் துண்டை வைத்து, இறுக்கிவிட்டு உருவ வேண்டும், அந்த இடைவெளி இல்லாவிட்டால் பற்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. இறுக்கமாக இருந்தால்தானே பலம் என்று நினைத்து, நான் கடுதாசி வைக்கவில்லை.

அதோடு விட்டேனா! பேட்டரி இறங்கினால் வண்டி தானாக நின்றுவிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பாதி ஓட்டத்தில் நின்றால் மானம் போகுமே என்று அதை அணைத்தேன். ரிமோட்டையும் வண்டியையும் மறுபடி ஜோடி சேர்க்கும்போது, அவசரத்தில் வேகக் குமிழைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நேரத்தில்தான் அது மனப்பாடம் செய்துகொள்ளுமாம். என் வண்டி, 'சிக்னல் அறுந்தால் முழு வேகத்தில் ஓடு' என்று மனப்பாடம் செய்துகொண்டது. இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ரிமோட்டுக்குப் புது செல் வாங்கச் சோம்பல்பட்டு, சுவர்க் கடிகாரத்தில் இருந்தவற்றைக் கழற்றிப் போட்டதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை நம் தெருக்கோடி ரைஸ் மில் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நெல் காயப்போடவில்லை, சிமெண்டுத் தரை வெறுமையாகக் கிடந்தது. குமிழை லேசாகத் தொட்டேன். மச்சான், அது ஓடவில்லை, பாய்ந்தது! இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்ததும் மோட்டாரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி சொய்ங் என்றது. பெரிய மோட்டார் என்றால் சூடு இருக்கத்தானே செய்யும் என்று மூன்றாவது சுற்று விட்டேன். வண்டி கேட்டுப் பக்கம் திரும்புகிற சமயம் ரிமோட்டில் இருந்த விளக்கு அணைந்தது. குமிழை விட்டேன், நிற்கவில்லை. திருப்பினேன், திரும்பவில்லை. வண்டி அலறிக்கொண்டு கேட்டைத் தாண்டி நம் தெருவுக்குள் போய்விட்டது.

தெருவில் அன்றைக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். நீங்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆனாலும் அது மறந்திருக்காது: சேலையின் நீள இழை அத்தனையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்கள் மேல் இடுப்பு உயரத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி போட்டு இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது எதிர்வீட்டு ஜெகநாதனுடைய பாவு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்த மனுஷன், ஆவணியில் நடக்கப்போகிற தன் மகள் திலகவதியின் கல்யாணத்துக்காக முதல் முறையாகத் தன் வீட்டுக்கென்று போட்ட பாவு. ஒத்தாசைக்கு நின்றவர்களில் உங்கள் அக்காவும் ஒருவர்.

"ஒத்து! ஒத்து! வண்டி வருது!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாவைப் பிடித்திருக்கிறவர்கள் எப்படி ஒதுங்குவார்கள்? கையை விட்டால் இழை சிக்கலாகிவிடும். அத்தனை பேரும் அப்படியே உறைந்து நின்றார்கள். வண்டி நேராகப் பாவுக்கு அடியில் புகுந்தது. ஒரு மூங்கில் காலில் இடித்தாலும் பாவு முழுக்கச் சாக்கடையில் விழும். முதல் காலைத் தாண்டியது. இரண்டாவதில் உரசியது, பாவு ஒரு குலுங்கு குலுங்கியது, என் உயிரும் குலுங்கியது. பட்டென்று ஒரு சத்தம். பாவுக்கு நட்டநடுவில், இழைகளுக்கு நேர் கீழே, வண்டி நின்றுவிட்டது.

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் புகை வந்தது. கடுதாசி வைக்காமல் இறுக்கியதில் பிளாஸ்டிக் பற்கள் உருகிச் சக்கரத்தைப் பூட்டிவிட்டன, பேட்டரியோ இன்னும் முழு மூச்சாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அது பலூன் மாதிரி உப்புவது எனக்கே தெரிந்தது.

"இன்னா பொகையுது?" என்றார் ஜெகநாதன்.

"பேட்டரி. வெடிச்சிடும் போலக்கீது."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை. "எல்லாரும் கேளுங்க. ஒரே மட்டமா தூக்கணும். ஒருத்தர் ஜாஸ்தி ஒருத்தர் கம்மி கூடாது. தூக்கு!" அத்தனை கைகளும் மேலே போயின. பட்டு தலைக்கு மேல் பந்தல் மாதிரி உயர்ந்து நின்றது. "அண்ணா, உள்ள பூந்து எடு. ஜல்தி! தலைய மட்டும் தூக்காத!"

புகுந்தேன். என் தொப்பையோடு நான் தவழ்ந்ததை நீங்கள் மனக்கண்ணால் பார்க்க வேண்டாம். பாதி வழியில் வேட்டி மூங்கிலில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கால் சாயும். அவிழ்த்துவிட்டு, கோடு போட்ட டிராயரோடு மேலே போனேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரியாதவர் யாரும் இல்லை, மச்சான். புகை கண்ணை மறைத்தது. மேலே ஒரு கையில் வளையலைப் பார்த்தேன், உங்கள் அக்காவின் கை. "விட்டுட்டு வந்துடுங்களேன்! போனா போவுது, வந்துடுங்க!" என்று அழுதார். பாவை மட்டும் ஒரு விரல்கூடத் தாழ்த்தவில்லை.

வண்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் உருண்டேன். உப்பிய பேட்டரியைப் பிடுங்கியதில் உள்ளங்கை வெந்தது. வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த மணலில் அதைத் தூக்கி வீசினேன். விழுந்த மறுகணமே சீறிக்கொண்டு ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. பாவை மெல்ல இறக்கினார்கள். ஜெகநாதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை இழைகளை விரலால் நீவிக்கொண்டே போனார், நான் டிராயரோடு அவர் பின்னாலேயே போனேன். மூங்கில் காலில் வண்டி உரசிய இடத்தில் கொஞ்சம் இழை அறுந்திருந்தது.

"ஜெகநாதா, என்ன வேணா திட்டு" என்றேன்.

"அறுந்தத முடிஞ்சிக்கலாம்ணா. எரிஞ்சிருந்தா இன்னா பண்ணுவேன்?" என்றவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூட இத்தனை வலி இருந்திருக்காது. திலகவதிதான் என் வேட்டியை எடுத்துவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். உங்கள் அக்கா என் கைக்கு மருந்து போட்டார், சோறு போட்டார், பேச்சு மட்டும் இல்லை. கடைசியாகச் சொன்ன வார்த்தை, "அந்தப் பேஜாரு புடிச்ச வண்டி இந்த ஊட்ல இருக்கக் கூடாது. என் தம்பிக்கு எழுதுங்க."

ஆகவே எழுதிவிட்டேன். காவ்யா போட்டிக்கு வேறு ஏதாவது செய்துகொள்ளட்டும். உதிரி பாகம் எதுவும் இனி அனுப்ப வேண்டாம். உங்கள் இருவருக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும், பட்டை நெருப்பு நெருங்காதது போல எந்தத் தீங்கும் உங்களை நெருங்காதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,

அன்புள்ள
குமரேசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் காவ்யா ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள். என் கையைப் பார்த்து அழுதாள், வண்டியைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய பினியனையும் உதிரிப் பொட்டலத்தில் இருந்த புதுப் பிளாஸ்டிக் சக்கரத்தையும் மாட்டினாள், கடுதாசி வைத்து இறுக்கினாள், கையைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டு ஜோடி சேர்த்தாள். மோட்டார் பிழைத்துவிட்டது. இன்னொரு பேட்டரியும் இருந்தது. "அனுப்பறதுக்கு முன்னாடி நீ ஒரே ஒரு தபா ஓட்டிப் பாரும்மா" என்று அம்மாவைக் களத்துக்கு அழைத்துப்போனாள். ஜெகநாதனும் தெருவின் இரண்டு கோடியையும் பார்த்துக்கொண்டே பின்னாலேயே வந்து, பாவு எதுவும் வெளியில் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உங்கள் அக்கா ஒரு சுற்று விட்டார். இரண்டு சுற்று விட்டார். இருட்டும்வரை ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. வீடு திரும்பியதும் என்னைப் பார்த்து, நான்கு நாளைக்குப் பிறகு, வாய் திறந்து பேசினார்: "இன்னாங்க, நேர்ல கொஞ்சம் ஸ்லோவா போவுது. தம்பிக்கு எழுதி பதினாலு பல்லு ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க." சூடு தாங்கும், பதினாலு சரிதான் என்று காவ்யாவும் சொல்கிறாள். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஜெகநாதன் தனக்கும் ஒரு வண்டி கிடைக்குமா என்று கேட்கிறார். அவர் தொடலாம், காவ்யா தொடலாம், திலகவதி தொடலாம். எனக்கு மட்டும்தான் தடை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் அக்கா கேட்பார்.