சுவர் வேண்டாம், திரை போதும்

பெருமாநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனர் குமாரசாமி அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் வீரணன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காளும் தண்ணீர்க் குழாயும் நலம். அங்கு நீங்களும் பிள்ளைகளும் கண்மாயும் நலமாயிருக்க நம் இரண்டு சாமிகளையும் வேண்டிக்கொள்கிறேன். இரண்டு சாமிகளையும் என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து திரும்ப ஒருமுறை படிக்கவும். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

கோயிலைப் புதுப்பிக்கப் போடப்பட்ட படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். பார்த்தோம். கோபுரம் அழகாக இருக்கிறது. ஆனால் அய்யனாருக்கும் கருப்பனுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. தை பிறந்ததும் அதற்கு அஸ்திவார வானம் தோண்டப்போவதாகவும் சொன்னீர்கள். மாப்பிள்ளை, அய்யனார் சைவம், கருப்பன் கிடாய் கேட்கிறவன். இருந்தும் இருவரும் காலங்காலமாக ஒரே கொட்டகையில்தான் இருக்கிறார்கள். கருப்பனுக்குக் கிடாய் வெட்டும்போது அய்யனார் கண்ணில் படாமல் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டுவோம், வெட்டி முடிந்து இடத்தைக் கழுவியதும் அவிழ்த்துவிடுவோம். அய்யனாருக்கு உங்கள் வீட்டார் பூசை, கருப்பனுக்கு எங்கள் வீட்டார் பூசை. சுவர் வந்தால் கருப்பன் வெளியே போவான், அவனோடு நாங்களும் போவோம். அந்தச் சுவர் வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இதை யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியதாக நினைக்கவேண்டாம். ஒவ்வோர் எழுத்தும் நானே போட்டது. எங்கள் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அனுசுயா என்ற பிள்ளை, வேலை முடிந்ததும் கேண்டீனில் வைத்து எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. பாடப் புத்தகத்தை முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது, படிக்க வேறொன்றும் இல்லை. பஸ் போர்டைப் படிக்கலாம் என்றால் ‘அவி’ என்று வாய் திறப்பதற்குள் பஸ் அவிநாசிக்கே போய்விடுகிறது. மாத்திரை அட்டையில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. அப்போதுதான் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஜெபக்குமார் தன் போனைக் காட்டினான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன், எங்கள் கம்பெனியில்தான் டெய்லர். போனில் ஒரு விளையாட்டு. அதில் வருகிற ஆட்கள் பேசுவதெல்லாம் கீழே தமிழில் வருகிறது. நாம் விரலால் தொடும்வரை அந்த எழுத்து போகாது, நின்று காத்திருக்கிறது. என் வயதில் என்னை அவசரப்படுத்தாத ஒன்றை முதல்முதலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அவன் கை, என் வாய். அவன் ஆடுவான், நான் படிப்பேன்.

அந்த விளையாட்டில் ஒரு நாடு. அதற்கு இரண்டு தெய்வங்கள். வெண்சுடராள் என்பவள் பகலுக்கு, கார்முகத்தான் என்பவன் இரவுக்கு. ஆதியில் இரண்டும் ஒரே உடம்பாக இருந்து பிறகு பிரிந்ததாம். ஜனங்கள் ஒரு தெய்வத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள். கார்முகத்தானை அடைத்தபோது இரவே வரவில்லை, பயிர் கருகியது, பிள்ளைகள் தூக்கம் இல்லாமல் அழுதன. இரவு வராவிட்டால் திருப்பூரில் யாருக்கும் தெரியவே தெரியாது, எல்லாக் கம்பெனியும் ஷிப்ட் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று உங்கள் அக்காள் சொன்னாள். வெண்சுடராளை அடைத்தபோது விதை முளைக்கவில்லை. அப்படி ஆகும்போதெல்லாம் ஒரு வீரன் பிறக்கிறான். யுகத்துக்கு ஒரு பெயர், யுகத்துக்கு ஒரு தாய், ஆனால் ஆள் ஒருவன்தான். இடது தோளில் அதே மச்சம். வந்து சுவரை இடித்து இரண்டு தெய்வங்களையும் முகம் பார்க்க வைத்துவிட்டுச் செத்துப்போகிறான். அவன் செத்ததும் ஜனங்கள் மறுபடி செங்கல் சுமக்கிறார்கள். மறுபடி அவன் பிறக்கவேண்டியதாகிறது. முன்பிறவி ஞாபகம் ஒன்றும் இருப்பதில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். மாப்பிள்ளை, ஒரு மனிதனை ஒரே வேலைக்கு இத்தனை தரம் கூப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

அவன் எங்களாலும் சில தடவை செத்தான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மலைமேல் கோயிலுக்குள் நுழையும்போது வீரன் பூட்ஸ் போட்டிருந்தான். அதைக் கழற்றச் சொன்னேன். “பெரியப்பா, அது சும்மா பூட்ஸ் இல்ல, பவர் பூட்ஸு. கழத்துனா நெருப்புல நடக்க முடியாது” என்றான் ஜெபக்குமார். “சாமிக்கு முன்னால என்னப்பா பவரு?” என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, “நாங்களும் கோயிலுக்குள்ள செருப்பு போடமாட்டோம்தான்” என்று சொல்லிக் கழற்றிவிட்டான். வீரன் வெறுங்காலோடு பக்தியாகப் போய் நெருப்புக் குழம்பில் இறங்கிக் கரிந்தான். வீரன் செத்தால் திரை கறுத்து, ‘அவன் மீண்டும் பிறப்பான்’ என்று ஒரு வரி வரும். நாங்கள் அவனைக் கொன்ற வேகத்தில் அந்த வரி அடிக்கடி வந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் நான் படித்த முதல் வரி அதுதான். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் பெரிய தகராறு. கார்முகத்தான் கல்லாக உறங்குகிறான். வீரன் தன் உள்ளங்கையைக் கீறி ரத்தம் விட்டால்தான் எழுவான். ஆனால் அதே திரையில், அதே மேடையில், வலது பக்கம் வெண்சுடராள் நிற்கிறாள். எனக்குப் பதறிவிட்டது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போனில் பாதியை மூடிவிட்டேன். ஜெபக்குமார் கையைக் கீற, மூடிய பக்கத்திலிருந்து வெண்சுடராளின் காவலாட்கள் வந்து வீரனை வெட்டிவிட்டார்கள். மறுபடி பிறந்தான், மறுபடி மூடினேன், மறுபடி வெட்டினார்கள். ஜெபக்குமார் அழாத குறை. “பெரியப்பா, அடிக்கிற பட்டனே வலது பக்கந்தான் இருக்கு. துண்ட எடுங்க.”

“எடுத்தா அம்மா ரத்தத்தைப் பாத்துரும்ல?”

“பாத்தா பாத்துட்டுப் போவுது பெரியப்பா. நான் சாவுதேன்ல.”

அடுப்படியில் இருந்து உங்கள் அக்காள் வந்தாள். “போனுக்குள்ளயும் போயி வேட்டி கட்டுறீகளாக்கும். கட்டுனா கட்டுங்க, வெட்டி முடிச்சதும் அவுக்கணும்ல? அவுக்காமலே வச்சிருந்தா அதுக்குப் பேரு திரையா?” என்றாள். அதுதான் விஷயம். கீறும் நேரத்துக்கு மட்டும் மூடி, ரத்தம் கல்லில் பட்டதும் துண்டை உருவினேன். ஜெபக்குமார் பட்டனை அமுக்கினான். கார்முகத்தான் கண் திறந்தான். திறந்தவன் முதல் காரியமாக வெண்சுடராளைப் பார்த்து, ‘இவ்வளவு காலம் எங்கிருந்தாய்?’ என்று கேட்டான். ‘சுவருக்கு அந்தப் பக்கம்’ என்றாள் அவள். எனக்கு மேலே படிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் வைத்து மீதியைப் படித்தேன். செக்கிங் பெண்கள், கட்டிங் ஆட்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பீகார்ப் பையன் ஒருவன் நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் “ஃபிர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தமாம். பெல் அடித்தது, ஒருவரும் எழவில்லை. முதலாளி தனபால் வந்துவிட்டார்.

“ஏனுங்க வீரணண்ணா, பெல்லு கேக்கலீங்களா?”

“கேட்டுச்சுங்க முதலாளி. சாமி ரெண்டும் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு.”

“என்னமோ போனுக்குத் துண்டு போத்தி உடறீங்களாமா? சளி கிளி புடிச்சிருக்குதுங்களா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் நம் கோயில் சங்கதியையும் நீங்கள் போட்ட படத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நின்றபடியே, “எங்க பங்காளியும் நானும் தோட்டத்துக்கு நடுவால செவுரு கட்டுனமுங்க. கட்டறது சுளுவுதானுங்க. அப்பறம் தெனமும் எந்திரிச்சு அதையேதானுங்க பாக்கோணும்” என்றார். பிறகு, “செரி, சட்டுனு படிச்சு முடிங்க. ஷிப்மெண்டு நிக்குது” என்று சொல்லிவிட்டு, முடியும்வரை அவரும் நின்றார்.

மாப்பிள்ளை, உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பட்டணத்தில் பிறந்த பிள்ளைகள் ரத்தம் பார்த்துப் பயப்படுகிறார்கள், புதுத் தரையில் கறை படியும். ஆனால் அந்த விளையாட்டிலும் யாரும் சாமிமேல் கோபப்பட்டுச் சுவர் வைக்கவில்லை. சௌகரியத்துக்குத்தான் வைத்தார்கள். திரைக்கும் சுவருக்கும் மறைப்பதில் பேதமில்லை. ஒன்றைக் கட்டும்போதே அவிழ்ப்பதை நினைத்துக்கொண்டு கட்டுகிறோம், அவ்வளவுதான். உங்கள் அக்காளை நினைத்துப் பாருங்கள். அவள் பிறந்தது அய்யனார் வீட்டில், வாழ்வது கருப்பன் வீட்டில். திருவிழா அன்றைக்குப் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் எந்தப் பக்கம் போய் நிற்பாள்? இதற்கு உங்கள் படத்தில் இடம் குறித்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடினேன். இல்லை.

விளையாட்டு இன்னும் முடியவில்லை. கடைசியில் வீரன் இரண்டு தெய்வங்களுக்கும் நடுவில் வந்து நிற்கிறான். திரையில் இரண்டு பட்டன் இருக்கின்றன. ஒன்றில் ஒளி, மற்றதில் இருள். எதையாவது ஒன்றைத் தொடவேண்டும். நான் தொடமாட்டேன், ஜெபக்குமாரையும் தொடவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை அந்த வீரன் அங்கேயே நிற்பான். ஜெபக்குமார் என்னோடு பேசுவதில்லை. எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பையனுக்காகவாவது சீக்கிரம் எழுதவும்.

சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் வணக்கம், மாட்டுக்கு ஒரு தடவல். அய்யனாருக்கும் கருப்பனுக்கும் நடுவில் நின்று ஒரே கும்பிடாகப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத அத்தான்,
வீரணன்

பின்குறிப்பு: கடிதத்தை முழுக்க உங்கள் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீக. ஆனா சுவரு இல்லைன்னு போன வாரமே ஆயிருச்சு” என்கிறாள். உங்களோடு போனில் பேசித் தீர்த்துவிட்டாளாம். நீங்களும் சரி என்று படத்தையே மாற்றிவிட்டீர்களாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா எழுதுறத நிப்பாட்டியிருப்பீக” என்றாள். ஆகவே சுவரைப் பற்றி எழுதிய இடங்களையெல்லாம் தள்ளிவிட்டு மீதியைப் படிக்கவும். மீதி ஒன்றும் இருக்காது என்றாலும் எழுத்தைப் பார்க்கவும். நான் இவ்வளவு எழுதிக் கேட்டதை அவள் எப்படி ஒரே போனில் முடித்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது, அதையும் கேட்டேன். “வேற ஒண்ணும் சொல்லல. நீ சுவத்தக் கட்டுடா தம்பி, திருவிழாவுக்கு வந்து அதுக்கு மேல ஏறி, அந்தப் பக்கம் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உக்காந்துக்கிடுறேன்னேன்” என்றாள்.