விராலுக்கு வைத்த செங்கல்

மெட்ராஸ் பட்டணத்தில் ஒரு முழு இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்காத ஒரே மனிதர் எங்கள் மூடி சார்தான். பாதி இட்லியில் எழுந்துவிடுவார். "மூடியைப் போட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூர் லாட்ஜ் ஒன்றில் நானும் அவரும் ஒரே அறை. எனக்கு ஒரு கட்டில், அவருக்கு ஒரு கட்டில், மூன்றாவது ஆளாகக் கண்ணாடித் தொட்டியில் ஒரு விரால். ஊரெல்லாம் தங்க மீன் வளர்க்க, இந்த மனுஷர் வேளச்சேரி ஏரியில் தூண்டில் போட்டுப் பிடித்த முரட்டு விராலை வளர்த்தார். முழங்கை நீளம். ஆளை முறைத்துப் பார்க்கும். கரப்பான் பூச்சியைக் காட்டினால் ஒரே கவ்வு, என் சட்டையெல்லாம் தண்ணீர்.

விரால் சும்மா கிடக்கிற மீன் இல்லை. ஒரு தாவு தாவினால் வெளியே வந்துவிடும். அதனால் தொட்டிக்கு மூடியாக ஒரு பலகை, பலகைமேல் ஒரு செங்கல். அதை வைத்தோமா இல்லையா என்ற கவலையிலேயே அவர் பொழுது போனது. தி.நகர் ஆபீஸில் மேனேஜர் கடிதம் சொல்வார், இவர் எழுதுவார். "தங்கள் கடிதம் கிடைத்தது" வரை வந்ததும் ஆளைக் காணோம்! பஸ் பிடித்து மயிலாப்பூர் போய், செங்கலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "மேல சொல்லுங்க சார்" என்பார்.

இந்த லட்சணத்தில் எனக்கு வடபழனியில் பெண் பார்க்க ஏற்பாடானது. ஊரிலிருந்து அப்பா, "முதலில் நீ போய்ப் பார். துணைக்குப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போ" என்று எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பெரியவர் மூடி சார். என் தலையெழுத்து.

அன்று காலை அவர் குளிக்கப் போன நேரம், என் சட்டைக்கு இஸ்திரி போட அந்தப் பலகையை எடுத்தேன். வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திரும்ப வைத்தேன். பலகையை மட்டும்.

நேரமாகிவிட்டது என்று நான் இழுத்துக்கொண்டு போனதில் அவரும் அன்று தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வடபழனியில் கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண்ணும் வந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா மூடி சாரிடம், "அப்போ மேற்கொண்டு பேசலாமா?" என்றார்.

மூடி சார் கையில் பாதி பஜ்ஜி. கண் என் சட்டைமேல்.

"ஏய்யா, இதை எதுமேல வெச்சு இஸ்திரி போட்டே?"

"பலகை மேல சார்."

"செங்கல்?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அடப்பாவி!" பஜ்ஜியோடு வாசலுக்குப் பாய்ந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்! ஏன் ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "இன்னா சார் இது? எம் பொண்ணுகிட்ட இன்னா கொறய கண்டீங்க?" என்று அவள் அப்பா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

லாட்ஜ் அறையில், நான் கழற்றிப் போட்டிருந்த ஈரத் துண்டுக்கடியில் கிடந்தது விரால். உயிரோடுதான். தொட்டியில் விட்டதும் பழையபடி என்னை முறைத்தது. மூடி சார் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வடபழனி சம்பந்தம் போயே போச்சு. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் தொட்டி காலி.

"ஏரியிலயே விட்டுட்டேன். ஒரு மீனுக்காக உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டேனேய்யா" என்றார்.

அதற்கப்புறம் அவர் முழு இட்லி சாப்பிட்டார். ஆபீஸில் அசையாமல் உட்கார்ந்தார். மேனேஜர் ஒரு கடிதத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்; அவருக்கே என்னவோ போலாகிவிட்டது. எனக்கோ நெஞ்சு பொறுக்கவில்லை. செங்கலை மறந்தவன் நான், தண்டனை அவருக்கா?

ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை அவர் கையில் திணித்தேன். "கிளம்புங்க சார், வேளச்சேரிக்கு."

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஈரக் கோணி என் மடியில் துள்ளியது. கண்டக்டர் குனிந்து, "இன்னா சார், உள்ள உசுரோட ஏதோ கீது?" என்றார்.

"எங்க ரூம்காரர்" என்றேன்.

மூடி சார் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். "யோவ், அந்தச் செங்கல் அங்கேயே இருக்கா?"

"இருக்கு சார். இனிமே நான் வைக்கிறேன்."

அந்த லாட்ஜில் இருந்தவரைக்கும் நான்தான் வைத்தேன், ஒருநாளும் மறக்கவில்லை. அப்படியும் அவர் பாதி இட்லியில் எழுந்து ஓடத்தான் செய்தார். வைத்திருக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தும், நானும் கூடவே ஓடினேன்.