கறுப்பு ஐஸ் வாங்கிக் கொடுத்தது யார்?

என் மைத்துனன் முத்துராசு ஒரு பொய்யன். வாடிப்பட்டியில் நாலு பேர் மதிக்கும் மனிதன், சைக்கிள் கடை வைத்து மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவன், எல்லாம் சரிதான். ஆனால் பொய்யன். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறான். அவன் அக்காவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

அதற்காக நான் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். என் பொய்யைப் பேயோட்டும் கோடாங்கி ஒருவர் உடுக்கை அடித்து வெளியே எடுத்தார். அவன் பொய் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு மில்லில் ஃபிட்டர் வேலை, வில்லாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு வாடிப்பட்டியில் தாய்வீட்டில் இருந்தாள். ஆண் குழந்தை. மூத்தவள் ஈஸ்வரிக்கு அப்போது மூன்று வயது. தம்பி வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டுக் கிள்ளினாள். இரண்டாவது முறை கிள்ளியதும் மாமியார் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

"நாலு நாளைக்கு நீங்க கொண்டுபோய் வச்சிருங்க மாப்ள. சோத்தக் கொழைய வடிச்சு, ரசத்த ஊத்திப் பெசஞ்சு குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

துணைக்கு முத்துராசும் வந்தான். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தடிமாடுகள், ஒரு பிள்ளை. இரண்டு பேருக்கும் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தெரியாது. (மில்லில் எவ்வளவு பெரிய மோட்டாரையும் பிரித்துப் பூட்டுவேன். அது வேறு விஷயம்.)

முதல் நாள் காலை ஈஸ்வரி "அம்மா" என்று ஆரம்பித்தாள். திறந்த வாயில் ஒரு பன்னைப் பிய்த்து வைத்தேன். அழுகை நின்றது. அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட குழந்தை வளர்ப்பு அதுதான். அம்மா என்று வாய் திறந்தால் அதில் எதையாவது வை. மதியம் தெருமுனைக் கடைப் பரோட்டா, சால்னாவில் ஊறப்போட்டு. காரம் என்று அழுததற்கு ரோஸ் மில்க். சாயங்காலம் மிளகாய் பஜ்ஜி, உள்ளே இருந்த மிளகாயை மட்டும் நான் தின்றுவிட்டு. (எம்புட்டுப் பொறுப்பு பாருங்கள்.) மறுநாளும் இதே வரிசை. மாமியார் கட்டிக் கொடுத்த அரிசியும் ரசப்பொடியும் துணிப்பையில் முடிச்சு அவிழாமல் கிடந்தன.

மூன்றாம் நாள் பொருட்காட்சிக்குப் போனோம். பிள்ளையின் முகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு அப்பளம், மேலே செக்கச்செவேலென்று மிளகாய்ப் பொடி. பிறகு பஞ்சுமிட்டாய். பிறகு மரணக் கிணறு. பலகையால் கட்டிய பெரிய கிணற்றுக்குள் ஒருவன் சுவரோடு சுவராக மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். நாம் மேலே ஏறி, விளிம்பில் குனிந்து பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். ஈஸ்வரியைக் கீழே சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தோம். முத்துராசு பார்த்துக்கொள்வான் என்று நான் ஏறினேன்.

வண்டி நாலு சுற்று சுற்றியது. ஐந்தாவது சுற்றில் நிமிர்ந்து பார்க்கிறேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, வாயைப் பிளந்துகொண்டு முத்துராசுவின் முகம்.

அவனும் என்னைப் பார்த்தான். மோட்டார் சத்தத்தில் இரண்டு பேரும் என்ன கத்தினோம் என்று எங்களுக்கே தெரியாது. படியில் கூட்டம். இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஈஸ்வரி வைத்த இடத்திலேயே இருந்தாள். அழவில்லை. கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு கூடாரங்களுக்கு நடுவே இருந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு வெறும் ஐஸ் குச்சி. உதடெல்லாம் கறுப்பு. ஏறுவதற்கு முன் முத்துராசு வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுல சொல்லிராதீக மச்சான்," என்றான்.

"நீயும் வாயத் தொறக்காத மாப்ள," என்றேன்.

மறுநாள் காலை கண்விழித்தபோது ஈஸ்வரி அறையின் நடுவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தொட்டால் உடம்பு கொதிக்கிறது. வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கு கறுப்பு. கொஞ்ச நேரத்தில் வெளிக்குப் போனாள், சிவப்பு. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த பெஞ்சிலிருந்து தூக்கியது முதல் அவள் ஒரு தடவைகூட அம்மாவைக் கேட்கவில்லை.

பஸ்ஸில் வாடிப்பட்டி போகும்வரை என் தோளுக்கு மேலாகப் பின்னால் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். ரசஞ்சோறு என்றேன். முத்துராசுவும் தலையாட்டினான். நம்பாமல் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ரசஞ்சோறுதான். ஏதோ மருந்து கொடுத்தார், குணமாகவில்லை. ரசஞ்சோறு மட்டும் தின்ற பிள்ளைக்கு இப்படி ஆகுமா என்று மாமியார் யோசித்தார். என் பொய்யில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்க வீட்டார் பேயைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. பிள்ளை என் கண் முன்னால் வாடிக்கொண்டிருந்தது, நான் பேயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் உச்சி வேளையில் கோடாங்கி வந்தார். தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. வெயில் வாசல்படி வரை வந்து வெள்ளையாக நின்றது. அவர் ஈஸ்வரியை எதிரே உட்காரவைத்து உடுக்கையை அடித்தார். வந்திருக்கும் பேயிடம் அதற்கு என்ன வேண்டும் என்று கேட்பதுதான் முறை. உள்வாசலில் என் மனைவி பச்சைப் பிள்ளையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும், சொல்லு. வாங்கித் தாரேன். தின்னுட்டுப் பிள்ளைய விட்டுப் போயிரணும்."

நேற்றிலிருந்து பேசாத பிள்ளை வாயைத் திறந்தது. அவள் குரலே இல்லை, கட்டைக் குரல்.

"பரோட்டா."

கோடாங்கி உடுக்கையை அடித்தார். "வேற?"

"சால்னா."

"வேற?"

"ரோஸு பாலு. பஜ்ஜி. அம்புட்டுப் பெரிய அப்பளம்."

கோடாங்கி உடுக்கையை மடியில் வைத்தார். மாமியாரைப் பார்த்தார். "ஏத்தா, இந்தப் பேயி பொருட்காட்சிக்குப் போயிட்டு வந்திருக்கே. யாரு கூட்டிட்டுப் போனது?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. நான் பன்னில் ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பரீட்சையில்கூட அப்படி எழுதியதில்லை. முடித்து மூச்சு விட்டபோது ஈஸ்வரி இன்னொன்று சொன்னாள்.

"கறுப்பு ஐஸு."

நான் முத்துராசுவைப் பார்த்தேன். "நீதான வாங்கிக் குடுத்த?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுன்னுல்ல மச்சான் நெனச்சேன்."

கோடாங்கி குனிந்து, யார் தாயி கொடுத்தது என்று கேட்டார். ஈஸ்வரி கையை நீட்டி வாசலைக் காட்டினாள். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. கோடாங்கி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டைக்கூடத் தொடாமல் உடுக்கையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புற வழியாகப் போனார்.

உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். சிவப்பு பெரும்பாலும் சாயம், வயிறு புண்ணாகிவிட்டது, நேற்றே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். மருந்தை மாற்றினார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர், பிறகு கஞ்சி. நான்காம் நாள் ஈஸ்வரி "அம்மா" என்றாள். நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே முத்துராசு தன் அக்காவிடம், ஐஸைத் தானே வாங்கிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டான். ஒரு வாரம் கழித்து என்னிடம், அக்கா பயந்துவிடக் கூடாதென்று சும்மா சொன்னதாகச் சொன்னான். கேட்டால் இன்றுவரை சிரிக்கிறான்.

எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை தின்பண்டம் கேட்டு அழுதாலும், "பேயி கேக்குது, பெரியவரே, ஒரு அப்பளம் வாங்கிட்டு வாங்க," என்று என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஈஸ்வரிதான் முதல் ஆள். சொல்லட்டும், எனக்கு இது வேண்டியதுதான். பரோட்டா மேல் தப்பில்லை. அம்மாவைத் தேடிய பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் துப்பில்லாமல், வாயை அடைக்க அதைப் பயன்படுத்திய என் மேல்தான் தப்பு. அடைத்த வாய் நிம்மதி தந்தது. அந்த நிம்மதியில்தான் பெஞ்சில் விட்டுவிட்டு ஏறினேன். ஈஸ்வரிக்கு அதெல்லாம் ஒன்றும் நினைவில்லை. ஆனால் கறுப்புத் திராட்சையை மட்டும் தொட மாட்டாள். ஏன் என்று கேட்டால், "தெரியலப்பா," என்கிறாள்.

அடுத்த மாதம் அவள் மகளுக்கு வாடிப்பட்டியில் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். முத்துராசு, நீ மைக்கைப் பிடித்துப் பதில் சொல். நீ வாங்கிக் கொடுத்திருந்தால் என் பாவத்தில் பாதியை எடுத்துக்கொள், அதற்காகச் சந்தோஷப்படுவேன். நீ இல்லையென்றால், நாம் இரண்டு பேரும் கிணற்றுக்குள் குனிந்திருந்த நேரத்தில் என் பிள்ளைக்கு முன்னால் வந்து குனிந்தது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீயா, இல்லையா? ஒரே வார்த்தை. சிரிக்காமல் சொல்.