காவித் தண்ணீரும் ஒற்றைக்கால் முறையும்

தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விடமாட்டேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சபதம் செய்தேன். சபதம் முடிந்த கையோடு முகம் கழுவினேன். முகம் காவியானது.

காரணம் எங்கள் கிணறு. திருவொற்றியூரில் சோப்புக் கம்பெனிக்குப் பின்னால் எங்கள் லைன் வீடுகள். பத்து வீட்டுக்கு ஒரே கிணறு. ஐம்பத்து நாலாம் வருஷக் கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் அதில் இரும்பு ஏறிவிட்டது. இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் அரை நாள் இருந்தால் ஆணி ஊறிய கஷாயம். சோறு மஞ்சள், வேட்டி காவி. சந்நியாசம் வாங்காமலே தெரு முழுக்கக் காவி கட்டியது.

கம்பெனிக் கிணற்றிலும் அதே தண்ணீர். நாங்கள் வெள்ளை சோப்பு என்று காய்ச்சியதெல்லாம் செங்கல் நிறத்தில் வந்தது. தலைமைக் கெமிஸ்ட் தாமஸ் சார் எல்லோரையும் கூப்பிட்டார்.

"விலை கொடுத்து எந்த மருந்தும் வாங்கக் கூடாது. குப்பையில போற பொருளை வச்சு இந்த இரும்பை எடுத்துக் காட்டணும். காட்டுற ஆளுக்கு லேபில் காலியா இருக்கிற உதவியாளர் வேலை."

லேபில் எனக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். பாட்டில் கழுவுகிறேன். யாராவது கேட்டால் "ஆராய்ச்சிப் பிரிவு" என்பேன். பொய்யில்லை. பாட்டில் கழுவாமல் எவன் ஆராய்ச்சி செய்துவிடுவான்? ஆனால் உதவியாளருக்கு வெள்ளைக் கோட்டு உண்டு. சுப்பராயன் என்கிற இந்த உடம்பு அந்தக் கோட்டுக்காகவே பிறந்தது என்பது என் எண்ணம்.

கரி அழுக்கைப் பிடிக்கும் என்று தாமஸ் சார் யாரிடமோ சொன்னது காதில் விழுந்திருந்தது. எண்ணெய் மில்லில் தூக்கிப் போடும் கொட்டாங்கச்சியை மூட்டையாக அள்ளி வந்தேன். சுட்டேன், இடித்தேன். கரியைப் போட ஒரு பீப்பாய் வேண்டும். வீட்டில் ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தக்காரி என் மனைவி பச்சையம்மா.

"இன்னாய்யா, என் பீப்பாயத் தூக்கிகினு எங்க போற?"

"ஆராய்ச்சிக்கு."

"அதுல அழுக்குத் துணி கீது."

"துணிய எடுத்துக்க. இனிமே இதுல அழுக்குத் தண்ணி."

"சரி, கரியக் கழுவாம கொட்றியே. தண்ணி கருப்பா வராது? கழுவிட்டு, கொஞ்சம்..."

"பச்ச! அடுப்பங்கரையோட நின்னுக்கோமே. கெமிஸ்ட்ரி பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அவள் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் பதில் பேசாமல் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் என் தண்ணீர் கருப்பாக வந்தது. இரண்டாம் வாரம் கருப்பும் காவியும் கலந்து வந்தது. மூன்றாம் வாரம் காக்கா வந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் போனது. என் முகத்தைப் பார்த்த கம்பெனி வாட்ச்மேன், பாய்லரில் கரி அள்ளுகிறவன் என்று நினைத்துப் பின்வாசலுக்கு அனுப்பினான்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டேன்.

"பச்ச, சோறு இன்னாமே இப்டி கீது?"

"எப்டி கீது?"

"வெள்ளையா கீது!"

"சோறு வெள்ளையாத்தான்யா இருக்கும்."

சோற்றைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு குடம் வரிசையில். தண்ணீர் வந்தது என் பீப்பாயிலிருந்து இல்லை. மூலையில் ஒரு பழைய எண்ணெய் டின், அதன் பக்கத்தில் செங்கல் மேல் ஓட்டை போட்ட ஒரு பானை. பானையின் கீழே சொட்டிய தண்ணீர் மழைத் தண்ணீர் மாதிரி மின்னியது. மூன்று வாரமாக என் பீப்பாயையே முறைத்துக்கொண்டிருந்ததில் என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

"இதுல இன்னா போட்டே?"

"அடுப்பங்கரை ஆளுக்கு இன்னாய்யா தெரியும்?" என்றாள் பச்சையம்மா. அஜீசு அக்கா குடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கெஞ்சினேன். கோபித்தேன். பட்டினி கிடந்தேன், சாயங்காலம் வரை. பலிக்கவில்லை. கடைசியில் ஒளிந்திருந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். சாதாரண ஆள் செய்தால் அது திருட்டு. விஞ்ஞானி செய்தால் கூர்ந்து நோக்கல்.

மறுநாள் காலை தூக்குச்சட்டியோடு, "போய்ட்டு வர்றேன்மே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனேன். கால்வாய் ஓரமாகத் திரும்பி வந்து, பின்கட்டு ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் குந்தினேன். கையில் நோட்டு, பென்சில்.

முதலில் பச்சையம்மாவும் அஜீசு அக்காவுமாகக் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்கு, டீக்கடைக்காரன் ஆற்றுகிற மாதிரி, உயரத்திலிருந்து பத்துத் தரம் ஆற்றினார்கள். எழுதிக்கொண்டேன். எண்ணெய் டின்னில் ஊற்றினார்கள். எழுதிக்கொண்டேன். நடுவில் பச்சையம்மா வெற்றிலை போட்டாள். போட்டுவிட்டுச் சுண்ணாம்பு டப்பியை அலம்பி அதையும் அந்த டின்னிலேயே கொட்டினாள். குடிக்கிற தண்ணீரில் டப்பி கழுவுகிறாளே, இவளுக்குச் சுத்தம் என்றால் என்னவென்று தெரியுமா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதை எழுதவில்லை.

பிறகு ஏனோ அவள் குரல் உயர்ந்தது. காற்று என் பக்கம் வீசுகிறது, நல்ல காலம் என்று நினைத்தேன்.

"அஜீசு அக்கா, இப்பத்தான் முக்கியமான வேல. டின்ன மூணு சுத்து சுத்தணும். எடமிருந்து வலம்."

"நாலு சுத்துனா?"

"தண்ணி கோச்சிக்கும்."

பென்சில் பறந்தது.

"அப்பறம் ஒத்தக் கால்ல நின்னுகினு கரண்டியால அஞ்சு தட்டு."

"எந்தக் கால் பச்சை?"

"எடது. வலதுல நின்னா காவாத் தண்ணியாப் பூடும்."

"மூச்சு?"

"அடக்கிக்கணும். கண்ணையும் மூடிக்கணும்."

அஜீசு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பக்தி என்று நினைத்தேன். மத்தியானம் வரை தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் மணலும் கரியும் போட்ட பானையில் ஊற்றினார்கள். அடியில் வெள்ளித் தண்ணீர்! கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் நோட்டு நிறைந்துவிட்டது.

"சார், கண்டுபிடிச்சுட்டேன்" என்று தாமஸ் சாரிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலையிலேயே என் பீப்பாயிலிருந்த கரியை மணலோடு ஒரு பானைக்கு மாற்றிவிட்டு, தண்ணீரை ஆற்றிப் பீப்பாயில் நிரப்பிவிட்டேன். சாயங்காலம் தாமஸ் சார் வந்தார். லைன் வீடுகள் அத்தனையும் பின்கட்டில் கூடிவிட்டன. பச்சையம்மா கதவருகில் அடக்கமாக நின்றாள். அந்த அடக்கத்தைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பீப்பாயை மூன்று சுற்றுச் சுற்றினேன். இடமிருந்து வலம்.

"இது எதுக்கு சுப்பராயன்?" என்றார் சார்.

"இரும்புக்குத் தலை சுத்தும் சார். மயக்கத்துல அடியில வுழுந்துடும்."

இடது காலில் நின்றேன். கண்ணை மூடினேன். மூச்சை அடக்கிக் கரண்டியால் ஐந்து தட்டுத் தட்டினேன்.

"இது?"

மூச்சை அடக்கியிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டு, "பூமியோட இழுப்பு பாதியாக் கொறையும் சார். ஒரு கால் தானே தரையில கீது" என்றேன்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். நான் மேல் தண்ணீரை என் பானை மணலிலும் கரியிலும் ஊற்றினேன். கண்ணாடித் தம்ளரில் பிடித்துச் சார் கையில் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"டீ நல்லாத்தான் இருக்கு. பால் எங்கே?"

தெரு சிரித்தது. எனக்கு இரண்டு காலும் தரையில் இருந்தும் பூமி இழுக்கவில்லை. மிதந்தேன்.

அப்போது பச்சையம்மா ஒரு சொம்போடு முன்னால் வந்தாள்.

"சார், இத்தக் குடிச்சிப் பாருங்க."

அவர் தம்ளரில் ஊற்றிப் பார்த்தார். குடித்தார். இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார்.

"இதே கிணறா அம்மா?"

"இதே கெணறுதான் சார். ஆத்துனா காத்து சேருது. அப்பறம் ரவ சுண்ணாம்பு. கத்திவாக்கத்துல கிளிஞ்சல மலையாட்டம் குமிச்சி வச்சிகீறாங்க, கேக்க ஆளில்ல. அத்தச் சுட்டு நீத்துன சுண்ணாம்பு. போட்டா துருவெல்லாம் திரண்டு அடியில உக்காந்துடும். மேல் தண்ணிய மணல்லயும் கரியிலயும் வுடணும். கரிய மட்டும் ஒடச்சி, தெளிவா வர்ற வரைக்கும் கழுவணும்."

"சுண்ணாம்பு! அளவு எப்படித் தெரிஞ்சுது?"

"பதினாலு டின்னு பாழாச்சி சார். பதினஞ்சாவதுல தெரிஞ்சுது. இவரு வூட்ல இல்லாத நேரமாப் பாத்து ஊத்தினேன்."

என் கண் முன்னால் அந்தச் சுண்ணாம்பு டப்பி வந்து நின்றது.

"அப்போ அந்த ஒத்தைக் கால்?" என்றார் தாமஸ் சார்.

"அதுவா சார்? வேலியாண்ட நாலு மணி நேரமாக் குந்திகினு எழுதினாரு. பாவம், நோட்டு நெறையட்டும்னு நான்தான் ரெண்டு மூணு சேத்து வுட்டேன்."

தாமஸ் சார் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கழன்று என் பீப்பாயில் விழுந்தது. காவியாகக் கிடைத்தது.

பத்து நாளில் கம்பெனி முற்றத்தில் எட்டுப் பெரிய தொட்டிகள் எழும்பின. கத்திவாக்கத்துக் கிளிஞ்சலும் மில் கொட்டாங்கச்சியும் வண்டி வண்டியாக வந்தன. பச்சையம்மா வாரத்தில் மூன்று நாள், நான் எதற்காகப் பிறந்தேனோ அந்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு தொட்டி தொட்டியாகப் போய், "சுண்ணாம்பு பத்தாது", "இத்தக் கலக்காதே" என்று போர்மேன்களை அதட்டினாள். சோப்பு வெளுத்தது. எங்கள் தெரு வேட்டியெல்லாம் கொடியில் வெள்ளைவெளேரென்று பறந்தது. ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்கும் பெருமைதான்.

வருஷ முடிவில் கம்பெனி மலரில் 'பச்சையம்மா முறை' என்று இரண்டு பக்கம் எழுதிப் பெரிய போட்டோவும் போட்டார்கள். நடுவில் பச்சையம்மா, ஒரு பக்கம் தாமஸ் சார், இன்னொரு பக்கம் தொட்டி. தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது நான்.