ஐந்து விநாடிக்காரி

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் மறுபடியும் அதே சிவப்பு வரி. ஒரே இடத்தை இரண்டு பேர் மாற்றியிருக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்ள என்று கேட்டது. லிஃப்ட் கதவு எட்டு விநாடி திறந்திருக்க வேண்டும் என்று புரோகிராமர் நேற்றுதான் எழுதி வைத்திருந்தார். இன்று அது ஐந்தாகியிருந்தது. மாற்றியது அதே ஆபீசில் மூன்றாம் மாடியில் புரோகிராம் எழுதும் அம்மா. நேரம், சரியாக ஆறு மணி. குறிப்பு, வழக்கம்போல ஒரே சொல்: "சரிசெய்தேன்."

அந்த அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் குழுத் தலைவர் பதவிக்குப் போட்டியில் இருந்தது இவர்கள் இருவர்தான்.

"காலங்காத்தால ஆறு மணிக்கு யாராவது நல்ல எண்ணத்தோட வேலை பார்ப்பாங்களா? பதவிக்கு அடி போடுறாங்க" என்று மனைவியிடம் புலம்பினார்.

"நீங்களும் ஆறு மணிக்கு எந்திரிங்களேன்" என்றாள் மனைவி.

தன் எட்டையே வைத்துக்கொண்டு, கேட்காமல் கைவைக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதினார். மறுநாள் ஐந்து. "சரிசெய்தேன்." அடுத்த குறிப்பில் மரியாதை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்ததில் சுத்தமாகக் காணோம். பதில் மட்டும் மாறவில்லை. திட்டினால் திருப்பித் திட்டாத ஆளை எப்படி நம்புவது?

கடைசியில் பெருந்தன்மையாக இரண்டையும் வைத்துக்கொண்டார். எந்த எண்ணுக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாத சோதனை லிஃப்ட், பரிசோதகரை உள்ளே வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கதவைத் திறக்க மறுத்தது. வெளியே வந்தவர் இவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

எல்லாம் அந்த அம்மாவின் சதி என்று மேலாளருக்குப் புகார் எழுதினார். மேலாளர் தலைமை அலுவலகத்தில் இருப்பவர், ஆட்களைப் பதிவேட்டில் மட்டுமே அறிந்தவர். முழுப் பதிவேட்டையும் படித்துவிட்டுப் போன் செய்தார்.

"அவங்க ஒரு நாள் லீவு போட்டதில்ல, ஒரு வார்த்தை கோபமா எழுதினதில்ல. நீங்க எழுதினதை வாய்விட்டுப் படிக்கவே முடியல. தலைவர் பதவி அவங்களுக்குத்தான். முதல்ல போய் மன்னிப்புக் கேளுங்க."

எட்டு வருட உழைப்பு. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பூச்செண்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார், படிக்கட்டு வழியாகத்தான். அறை வாசலில் காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கா சார்? அவங்க வேலைய விட்டுப் போய் ரெண்டு மாசமாச்சே. குடுத்த லெட்டரை மேலிடத்துல இன்னும் யாரும் பிரிக்கலையாம். அவங்க கம்ப்யூட்டர் மட்டும்தான் தினம் ஆறு மணிக்குத் தானா எந்திரிச்சு வேலை பாத்துட்டிருக்கு."