தையலில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

மனிதர்களில் தொடக்கப் பள்ளியை ஒரே முறை படித்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனவர்கள் உண்டு; இரண்டு முறை படிக்கிறவர்களும் உண்டு. முன்னவர்களைப் பற்றிக் குறிப்பெடுக்க ஒன்றுமில்லை. பின்னவர்கள் முதல் முறை தமக்காகவும் இரண்டாம் முறை தம் பிள்ளைக்காகவும் படிக்கிறார்கள். இரண்டாம் முறைதான் நன்றாகப் படிக்கிறார்கள். இந்த இனத்துக்குப் பாடத்திட்டத் தகப்பனார் என்று பெயரிடலாம். வாசகரே, காலையில் எந்தப் பள்ளி வாசலிலும் நீங்கள் இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்: பை குழந்தையின் முதுகில் இருக்கும், அதன் பாரம் இவர் முகத்தில் இருக்கும். "என் பெண்ணுக்குப் பரீட்சை" என்று இவர் சொல்லமாட்டார். "எங்களுக்குப் பரீட்சை" என்பார்.

இவ்வினத்தின் பழுதற்ற மாதிரி ஒன்று, மாநிலத்தின் பெயர் கர்நாடகம் என்று மாறிய மறுவருஷம், மைசூர் யாதவகிரியில் வசித்தது. பெயர் விஸ்வேஸ்வரன், ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். மகள் நாகலக்ஷ்மி, கன்னியாஸ்திரிகள் நடத்திய தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் காலடி வைத்த அன்றே, அவ்வகுப்பின் நேர அட்டவணையை ரயில் கால அட்டவணைக்குரிய கட்டங்களும் அடிக்குறிப்புகளுமாகப் படியெடுத்து, அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று என மூன்று பிரதிகள் வைத்துக்கொண்டார். ஆங்கிலம், கன்னடம், கணக்கு, சமூகபாடம், இயற்கைப் பாடம், சுகாதாரம், பாட்டு, ஓவியம், உடற்பயிற்சி. கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு ஞானோபதேசம், அதே மணியில் மற்றக் குழந்தைகளுக்கு நீதிபோதனை. வியாழக்கிழமைகளில் நீதிபோதனையை அடுத்துத் தையல். நாகலக்ஷ்மிக்கு இது மனப்பாடமாக இரண்டு மாதம் ஆயிற்று. அவருக்கு ஒரு சாயங்காலம்.

சமூகபாடப் புத்தகம் இன்னமும் 'மைசூர் மாநிலம்' என்றே அச்சாகியிருந்தது. அவர் அதைச் சிவப்பு மையால் நாற்பத்தொரு இடங்களில் திருத்தி, திருத்தங்களின் பட்டியலைத் தலைமைச் சகோதரிக்கு அனுப்பிவைத்தார். இயற்கைப் பாடத்துக்கு ஈரப் பஞ்சில் ஓர் அவரைக்கொட்டையை முளைக்கவைத்து எடுத்துவரச் சொன்னார்கள். ஒன்று முளைக்காவிட்டால் என்ன செய்வது? அலுவலக மேசையில், கோப்புகளுக்கு நடுவே, உபரியாக மூன்று முளைத்தன. ஞானோபதேசத்தைப் பற்றி அவர் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தார்: அதன் மதிப்பெண் ரேங்க்கில் சேருமா? சேராது என்றார்கள். சேரும் என்றிருந்தால் தன் வீட்டுப் பூஜையறையில் பத்துக் கட்டளைகள் ஒலித்திருக்கும் என்பதில் அவர் மனைவி கனகலக்ஷ்மிக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அரையாண்டில் நாகலக்ஷ்மி இரண்டாவதாகத்தான் வந்தாள். ஏன்? தையலில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. முதலாவதாக வந்தவள் பாக்கியலட்சுமி. கொள்ளேகாலத்துப் பட்டுநூல் வியாபாரி மல்லப்பனின் மகள். எதிரியின் பயிற்சி முறையை அறியும் பொருட்டு விஸ்வேஸ்வரன் பள்ளி வாசலில் அவரை நெருங்கி, பாப்பாவுக்குத் தையல் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நயமாகக் கேட்டார்.

"தையலெல்லாம் வெக்கறாங்களா?" என்றார் மல்லப்பன். "எனக்குத் தெரியாதுங்க. அவ மூணாவதா நாலாவதாங்கறதே கேட்டாத்தானுங்க தெரியும்."

இது தந்திரம் என்று விஸ்வேஸ்வரன் முடிவு செய்தார்.

முழுப் பரீட்சைக்குத் தையலில் வைத்தது ஒரு கைக்குட்டை. நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, மூலையில் சங்கிலித் தையலில் ஐந்து இதழ்ப் பூ. வீட்டிலேயே தைத்து ஒரு வாரத்தில் ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நாகலக்ஷ்மி நான்கு இதழ்களை முடித்துவிட்டு ஐந்தாவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். விஸ்வேஸ்வரன் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதழ்கள் நான்கும் நான்கு திசைகளில் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

"பேடப்பா, வேண்டாம், நானே தைக்கறேன்" என்று குழந்தை துணியைப் பற்றிக்கொண்டாள்.

"தைக்கலேம்மா. கொஞ்சம் கரெக்ட் பண்றேன்."

நான்கு இதழ்களையும் பிரித்தார். அளவுகோல் வைத்துப் பென்சிலால் புள்ளியிட்டு, அங்குலத்துக்குப் பதினாறு தையல் என்று கணக்கிட்டு, இடக்கைச் சுட்டுவிரலில் ஏழு முறை குத்திக்கொண்டு, பிற்பகல் காபிக்குள் ஒரு பூவை மலரச் செய்தார். எனக்குத் தையல் தெரியுமே, கேட்டால் சொல்லிக்கொடுக்க மாட்டேனா என்று கனகலக்ஷ்மி சொன்னதற்கு, உனக்குச் சிலபஸ் தெரியாது என்று பதில் வந்தது. அதுவரை குழந்தையின் நேரம் வீணாகலாமா? நீதிபோதனைப் பதினோராம் பாடத்தை உருப்போட வைத்தார். 'பிறர் உழைப்பை என் உழைப்பு என்று சொல்லமாட்டேன்' என்ற வரியில் அவள் தடுமாறினாள். அவர் ஊசியைப் பல்லிடுக்கில் கடித்தபடியே அடியெடுத்துக் கொடுத்தார்.

தையலில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. ரேங்க் ஒன்று. மூன்று நாட்கள் அவர் தரையில் நடக்கவில்லை.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பெற்றோர் தின விழாவில் ஒவ்வொரு பாடத்திலும் முதலாவதாக வந்த குழந்தை தன் திறமையை மேடையில் காட்டும். நாகலக்ஷ்மி அனைவர் முன்னிலையிலும் ஒரு பூ தைப்பாள். விஸ்வேஸ்வரன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஊசியில் நூல் கோப்பதற்கே கால்மணி எடுக்கும் குழந்தை, இருநூறு பேருக்கு முன்னால், இன்னும் ஐந்து நாளில் பொய்க்காரியாக நிற்கப்போகிறாள். ரேங்க் போவது இருக்கட்டும். எட்டு வயதில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் எந்த வகுப்பில் போய்க் கழுவுவது? தையலுக்குப் பதிலாகச் செய்யுள் ஒப்பித்தல் என்று மாற்றிக் கேட்டு ஒரு மனு எழுதினார்; மனு திரும்பி வந்தது. கடைசியில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதிவிடலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டார்.

"எழுதுங்கோ," என்றாள் கனகலக்ஷ்மி. "அந்தக் காய்ச்சலையும் நீங்களே படுத்துண்டு அனுபவிச்சுடுங்கோ."

நாகலக்ஷ்மி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மேடையில் யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றார் தகப்பனார்.

கேட்டார்கள். விழா மேடையில் தையல் ஆசிரியை சிஸ்டர் யூஃப்ரேசியா கைக்குட்டையை உயர்த்திக் காட்டிவிட்டு, இதைத் தைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கன்னடத்தில் அன்பாகக் கேட்டார். நாகலக்ஷ்மி கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் குரலில், அது தான் தைத்ததல்ல என்றும், அப்பா தைத்தது என்றும், தான் தைத்ததை அப்பா பிரித்துவிட்டார் என்றும் சொன்னாள். பிறகு ஆதாரம் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். பதினோராம் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தாள்.

சபை ஒரு கணம் அடங்கியது, பிறகு அடங்கவேயில்லை. சிஸ்டர் சிரிக்கவில்லை. ஊசியும் துணியும் இரண்டிரண்டாக எடுத்தார். ஒன்றைக் குழந்தையிடம் கொடுத்தார். மற்றொன்றை இரண்டாம் வரிசையை நோக்கி நீட்டினார். பரீட்சை என்று வந்தபின் விஸ்வேஸ்வரனால் எழாமல் இருக்க முடியுமா? மேடையேறி, மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து, வியர்வை சொட்டச் சொட்டத் தைத்தார். பக்கத்தில் நாகலக்ஷ்மி, நாக்கைத் துருத்திக்கொண்டு, யாரும் பிரிக்க முடியாத இடத்தில், நான்கு கோணல் இதழ்களையும் அவற்றுக்கு நடுவே இடம் கண்டுபிடித்து ஐந்தாவதையும் தைத்தாள். கைதட்டல் யாருக்கு என்பதில் சபைக்குக் குழப்பம் இருக்கவில்லை.

மதிப்பெண் அட்டை திருத்தப்பட்டது, சிவப்பு மையால்தான். தையல் பதினான்கு, ரேங்க் இரண்டு. நீதிபோதனையில் மட்டும் ஐம்பதுக்கு ஐம்பது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவரே என்பதை எவரும் மறுக்கவில்லை. வாசலில் மல்லப்பன் காத்திருந்து, மெய்யான மரியாதையோடு சொன்னார்:

"பூவு நல்லா வந்திருக்குதுங்க. எப்படியும் உங்களை நாலாவதுக்குப் போட்டுருவாங்க."

வீடு திரும்பும் வழியிலும் விஸ்வேஸ்வரனைப் பழக்கம் விடவில்லை. நாலாம் வகுப்பிலும் தையல் உண்டா என்று கேட்டார்.

"எனக்கு உண்டு," என்றாள் நாகலக்ஷ்மி. "உனக்கு இல்லேப்பா."

இந்த இனம் அந்த வருஷத்தோடு அற்றுப்போய்விட்டதாக நான் குறிப்பெழுத விரும்பினேன்; ஆதாரம் கிடைக்கவில்லை. வாசகரே, இதைப் படித்துவரும்போது எங்கேனும் ஓரிடத்தில் சிவப்பு மையால் திருத்த உங்களுக்குக் கை துறுதுறுத்திருந்தால், தயவுசெய்து உங்கள் இடக்கைச் சுட்டுவிரலை ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.