இடிபாடு கட்டிய முழு வீடு

உலகத்தில் வீடு கட்டுகிறவர்கள் எத்தனையோ கோடிப் பேர் இருக்கிறார்கள். இடிந்த வீடு கட்டுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அஸ்திவாரத்திலிருந்தே இடிந்த வீடு. அவர் கட்டி முடித்தார் என்றால் கூரை பாதி இருக்காது, ஜன்னலுக்குக் கதவு இருக்காது, படிக்கட்டு மாடிக்குப் போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். ஓசூரில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அவருக்கும் ஒரு நல்ல சாமி பெயர் இருந்தது. ஆதார் அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் லைன் வீட்டிலும் மெஸ்ஸிலும் கம்பெனி பஸ்ஸிலும் அவர் இடிபாடுதான். குடிவந்த அன்றைக்கு ஓனரம்மா வழக்கமான விசாரணையை நடத்தினார்.

"கம்பெனி போவ மிச்ச நேரத்துல இன்னாப்பா செய்வே? தண்ணி, சீட்டு எதுனா உண்டா?"

"அதெல்லாம் கிடையாதும்மா. இடிபாடு செய்வேன்."

ஓனரம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "சரி, சத்தம் வராம செய்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைமேல் போர் நடத்துகிறது. சுண்டு விரலில் பாதி உயரத்துக்குச் சிப்பாய்கள். பகடையை உருட்டி, இஞ்ச் டேப்பால் தூரத்தை அளந்து, ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். எல்லாரும் பெரிய பெரிய வேலையில் இருக்கிற ஆசாமிகள். சுடுகிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே. குண்டு விழுந்த தெரு, ஓட்டையான கிடங்கு, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்து, வண்ணம் பூசி, தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பவர் எங்கள் இடிபாடு. சில நாள் அவரும் விளையாடுவார். எப்போதும் தோற்பார். தன் சிப்பாய்களைச் சுவரோரமாக நிறுத்தமாட்டார், நிறுத்தினால் சுவர் மறைகிறதாம். மொத்தப் படையும் நடுத்தெருவில் நின்று சாகும். அவர் மேசையோரம் குனிந்து சுவரை ரசித்துக்கொண்டிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனியில் அவருக்குப் பெயின்ட் ஷாப்பில் குவாலிட்டி வேலை. வரிசையாக வருகிற பைக் டேங்குகளை விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். தலைமுடி அளவுக்குக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். அங்கே அவரைக் கண்டால் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் துடைத்த டேங்கையே மறுபடி துடைப்பார்கள். அறைக்கு வந்தால் அப்படியே தலைகீழ். தெர்மோகோல் சுவரை அதே மாதிரி விளக்கு பிடித்துப் பார்ப்பார். "எங்கயுமே அழுக்கு இல்ல அண்ணாச்சி. ரிஜெக்ட்" என்பார்.

எங்களுக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. அறையில் மூன்றாவது ஆள் செல்வம், மதுரைக்காரன், எங்கள் கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். ஒருநாள் ஆசையாக டீ போட்டுக் கொடுத்தான். டீயில் நிறம் இருந்தது, வேறொன்றும் இல்லை. அடுப்போரம் டப்பாவில் இருந்தது ஏற்கெனவே வடித்த டீத்தூள். இடிபாடு அதைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தார். போர்க்களத்துக்கு மண் வேண்டுமாம். என் பல் துலக்கும் பிரஷ் ஒரு வாரம் சாம்பல் நிறத்தில் இருந்ததற்கும் காரணம் உண்டு. தண்ணீராகக் கரைத்த பெயின்டை அதில் தொட்டு விரலால் சுண்டினால் சுவரில் பொடிப்பொடியாகச் சேறு தெறிக்குமாம். என் பல்லைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

வெளியே கூட்டிப் போவது அதைவிட ஆபத்து. தொரப்பள்ளி போகிற வழியில் அப்போது ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாதியாக வெட்டிய வீடுகள் வரிசையாக நின்றன. ஒரு வீட்டில் சமையலறையின் ரோஸ் நிறச் சுவரும் அதில் தொங்கும் காலண்டரும் ரோட்டிலிருந்தே தெரிந்தன. இடிபாடு ஓடுகிற பைக்கிலிருந்தே இறங்கப் பார்த்தார். நிறுத்தினேன். டேப்பை எடுத்தார், அளந்தார், போட்டோ எடுத்தார், குனிந்து செங்கல்லைத் தடவினார். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரோ சர்வேயர் என்று கிளப்பிவிட, ஒருவர் இளநீர் வெட்டி இரண்டு பேருக்கும் கொடுத்தார். கொடுத்தவர் எதிரில் இருந்த தன் ஓட்டு வீட்டைக் காட்டி, "சார், எங்க வூடும் போவுதுங்களா?" என்று கேட்டார்.

இடிபாடு அந்த வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"உங்க வீடு இடிஞ்சா ரொம்ப அழகா இருக்கும்ங்க."

இளநீரை முழுசாகக் குடிக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்றைக்கு நான் பைக் ஓட்டிய வேகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெங்களூருக்குச் சாமான் கொண்டுபோவது ரோஜாப்பூ அனுப்புகிற நீள அட்டைப்பெட்டிகளில். ஒரு தடவை ஏதோ பந்த். நம் பக்கத்து பஸ் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. எல்லையை நடந்துதான் தாண்ட வேண்டும். ஜனங்கள் பையும் குழந்தையுமாக நடக்க, இடிந்த ஊர் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இடிபாடு நடந்தார். பின்னால் இன்னொரு பெட்டியோடு நான். அந்தப் பக்கம் நின்ற கர்நாடகப் போலீஸ்காரர் பெட்டியைக் காட்டி, "ஏனப்பா இது?" என்று கன்னடத்தில் விசாரித்தார். இடிபாடு கம்பெனியில் கற்ற கன்னடத்தில், "பாம் பித்த ஊரு சார்" என்றார். குண்டு விழுந்த ஊராம். அத்தனை போலீஸ் நிற்கிற இடத்தில் எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாதோ அதைத்தான் முதலில் சொன்னார். எங்களைச் சுற்றி நடந்தவர்கள் எல்லாரும் சட்டென்று விலகிப் போனார்கள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். போலீஸ்காரர் குனிந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் குனிந்தார். பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு தெருவாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "டீ அங்கடி எல்லி?" என்றார். எல்லாம் சரி, இத்தனை பேர் சண்டை போடுகிற ஊரில் டீக்கடை எங்கே என்று கேட்கிறார். இடிபாடு வாடிப் போனார். கைது செய்திருந்தால்கூட அவ்வளவு வாடியிருக்கமாட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த ஒவ்வொரு இடிந்த ஊரிலும் இடியாத டீக்கடை ஒன்று இருந்தது. பெங்களூர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் டீக்கடையில் நிற்கிறவனைச் சுடக்கூடாது என்று விதியே போட்டுவிட்டார்கள்.

இப்படி நாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஓனரம்மா எங்கள் தலைக்குமேல் மாடி கட்டிக்கொண்டிருந்தார். கணவர் இறந்தபிறகு தன்னந்தனியாக நின்று கட்டுகிற மாடி. பால் காய்ச்ச நாளும் குறித்தாகிவிட்டது. ஒழுகுகிற குழாயைப் பார்க்க எங்கள் அறைக்குள் வந்தவர் மேசைக்கு எதிரில் அப்படியே நின்றுவிட்டார். மேசைமேல் அவருடைய வீடு. நீல கேட், துளசி மாடம், மாம்பழ நிறச் சுவர் எல்லாம் அச்சாக அப்படியே. அத்தனையும் இடிந்திருந்தது. மேலே இன்னும் கட்டி முடிக்காத மாடிகூட அதில் இடிந்திருந்தது.

"ஏம்பா, இது நம்ம வூடா?"

"ஆமாம்மா. நல்லா வந்திருக்கா?"

ஓனரம்மா செல்வத்தின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "தேவுடா, தேவுடா" என்று இரண்டு தடவை சொன்னார். கண்ணில் தண்ணீர். "பால் காய்ச்சத் தேதி குறிச்சி வெச்சிருக்கேன். நீ வூட்டையே இடிச்சி வெச்சிருக்கியே கண்ணு."

"இவ்வளவு நல்லா இடியுத வீடு இந்தப் பக்கத்துலயே இல்லம்மா" என்றார் இடிபாடு. ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

மூன்று பேரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஓசூரில் கல்யாணமாகாத மூன்று பேருக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். செல்வம் பாய்ந்து, "இப்பவே தூக்கிக் குப்பையில போட்டுர்றோம்மா" என்றான். அதற்கும் ஓனரம்மாவுக்குக் கோபம் வந்தது. "எங்க வூட்டைக் குப்பையில போடுவியா? இடிச்சவன் கட்டட்டும். பால் காய்ச்சறதுக்குள்ள முழுசா கட்டிக் காட்டு. இல்லன்னா சாமானைக் கட்டுங்க."

முழு வீடு. வாழ்க்கையில் முழுசாக ஒரு சுவர்கூடக் கட்டியிராத மனுஷனிடம் கேட்கிறார். இடிபாடு முதலில் கட்டிய சுவரைப் பழக்கதோஷத்தில் ஓரத்தில் பிய்த்துவிட்டார். "கை கேக்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்றார் பரிதாபமாக. செல்வம் கறுப்பு பெயின்டையும் பழைய பிரஷ்களையும் ஒளித்து வைத்தான். நாங்கள் அசந்த நேரத்தில் பேனா மையைத் தொட்டு ஜன்னலுக்கடியில் அழுக்குக் கோடு இழுத்திருந்தார். அப்புறம் நானும் செல்வமும் அவருடைய விளக்கையே பிடித்துக்கொண்டு தினமும் சோதனை போட்டோம். கறை தெரிந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். பெயின்ட் ஷாப் பையன்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

ஒருவழியாக வீடு முழுசானது. மனை விற்கிறவர்கள் நோட்டீஸில் போடுகிற வீடு மாதிரி பளபளவென்று இருந்தது. இடிபாடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஸ்ஸில் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். எங்களுக்கு அறை மிஞ்சும், ஆள் மிஞ்சுவாரா என்று எனக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது.

ஓனரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். இன்னொரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஆனா இது யாரு வூடு?" என்றார்.

"உங்க வீடுதாம்மா."

"கொழாயாண்ட ஓதம் ஏறி இருக்குமே, அது எங்க? எங்க வூட்டுக்காரரு வண்டி ஹேண்டில் ஒரசி ஒரசி கேட்டாண்ட ஒரு கோடு இருக்கும். அது எங்க?"

இடிபாடு அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

"வாசல்ல சாஞ்சி உக்காந்துதான் பேப்பர் படிப்பாரு. தலை எண்ணெ பட்டுப் பட்டு அந்த எடம் கறுத்துப் போயிருக்கும். ரெண்டு தபா பெயின்ட் அடிச்சும் போவல. இதுல அதுவும் இல்லியே."

"எல்லாம் இருந்திச்சும்மா" என்றார் இடிபாடு. "இடிஞ்சதுல அத்தனையும் போட்டிருந்தேன். இவங்கதான் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

ஓனரம்மா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். செல்வம் ஒளித்து வைத்த பிரஷ்களைத் தானாகவே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். இடிபாடு உட்கார்ந்தார். ஓனரம்மா கட்டிலில் உட்கார்ந்து மேஸ்திரியை வேலை வாங்குகிற மாதிரி வாங்கினார். குழாயடியில் ஓதம் ஏறியது. கேட்டுக்குப் பக்கத்தில் கோடு விழுந்தது. பிரஷ்ஷை ஏறக்குறைய காயத் துடைத்துவிட்டு, வாசல் சுவரில் இடிபாடு மெதுவாக ஒரு கறையைத் தடவினார்.

"இன்னும் கொஞ்சம் கீழப்பா. அவரு குட்டை" என்றார் ஓனரம்மா.

டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஓனரம்மா வீட்டைக் கையில் எடுத்து ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாக மறுபடி மேசையில் வைத்தார்.

"இப்பதான் வூடு மாதிரி இருக்குது. ரொம்ப அழகா இருந்தாலும் கண்ணு படும். திருஷ்டிக்கு ஒரு ஓரமா கொஞ்சம் இடிச்சி வெச்சிடு கண்ணு."

அந்த நேரத்தில் இடிபாட்டின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்தவன்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டான்.

"எந்த ஓரம்மா?" என்றார்.

மாடியில் பால் காய்ச்சிய அன்றைக்கு வாசலில் பூசணிக்காயும் தொங்கியது, அதற்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இந்த வீடும் இருந்தது. இடது ஓரம் மட்டும் இடிந்திருந்தது. கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. "நம்ம வூட்டாண்ட டீக்கடை இல்லியேப்பா" என்று ஓனரம்மா கேட்டதற்கு, "போலீஸ்ல சொல்லியிருக்காங்கம்மா" என்றார். வந்தவர்கள் மாடியைப் பார்த்ததைவிட இதைத்தான் அதிகம் பார்த்தார்கள். பக்கத்துத் தெருக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார், ஒரு ஓரம் மட்டும் இடித்து. அவ்வளவு கொஞ்சமாக இடிக்கத் தனக்கு நேரமில்லை என்று இடிபாடு சொல்லிவிட்டார்.

அவருக்கு இப்போது புனேவில் வேலை. அங்கேயும் யாருடைய பல் பிரஷ்ஷோ பாழாகிக்கொண்டிருக்கும். நான் கல்யாணம் முடிந்து, கிருஷ்ணகிரி ரோட்டில் புது ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாச் சுவரும் வெள்ளை. போன மழைக்கு ஹால் சுவரில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது. ஜன்னல் மூலையில் ஆரம்பித்து, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஃபேன் சுவிட்சுக்கு மேலே போய் முடிகிறது. அந்த மூலையில் லேசாக ஓதமும் ஏறுகிறது. பெயின்டரைக் கூப்பிடச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் ஓசூரில் இறங்குகிறேன் என்று இடிபாடு போனில் சொல்லியிருக்கிறார். அவர் வந்து பார்க்கட்டும், அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.